பத்துமலைக்கு ஒரு ரசம்

பத்துமலை இறந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. அந்த ஒரு வருஷச் சாமி கும்பிடுக்குச் சரளா சமைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டதுதான் வீட்டில் அதைவிடப் பெரிய செய்தி.

பத்து காஜா ஊருக்குச் சற்று வெளியே ஒரு தாமான் குடியிருப்பில் வரிசை வீடு அவர்களுடையது. சரளா பத்துமலையின் ஒரே மருமகள். மாமனாரைக் கடைசி மூச்சு வரை வைத்துப் பார்த்தவள். செத்தவருக்கு என்னென்ன பிடிக்குமோ அதையெல்லாம் வீட்டு மருமகள் தன் கையால் சமைத்து, வாழையிலையில் படைப்பதுதான் வழக்கம். சரளாவோ ஈப்போவில் கேட்டரிங் சொல்லிவிடலாம் என்றாள்.

"ஏம்மா, நீ சமைக்காம வெளியிலயா எடுக்கறது?" என்று மகள் துளசி கேட்டாள்.

"உங்க தாத்தாவுக்கு என் சமையல் என்னிக்குப் பிடிச்சுச்சு? இருந்தப்பதான் பிடிக்காதத தின்னுட்டு இருந்தாரு. இப்பயாச்சும் பிடிச்சத சாப்பிடட்டும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் துளசி பதிலுக்குப் பேசியிருப்பாள். சரளா பயற்றங்காயை நறுக்கிக்கொண்டே, மழை வரும்போல என்று சொல்கிற குரலில் சொன்னாள். அதுதான் துளசியை என்னவோ செய்தது. ஈப்போவில் ஒரு கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை. நாள் முழுக்க அடுத்தவர் கண்ணைப் பார்த்துப் பழகியவள், அம்மாவின் கண்ணில் இருந்ததையும் பார்த்துவிட்டாள். ஒரு வயசாளியை ஏழெட்டு வருஷம் அரை வயிறும் குறை மனசுமாக வைத்திருந்தோமோ என்கிற குறுகுறுப்பு அம்மாவை இந்த ஒரு வருஷமாகத் தின்றுகொண்டிருந்தது.

பத்துமலையைத் தெரியாதவர்களுக்கு இதில் என்ன பெரிய சங்கடம் என்று தோன்றும். ஆகவே அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

அவர் பிறந்தது புக்கிட் செராய் ரப்பர்த் தோட்டத்தில். பால் மரம் வெட்டத் தொடங்கி, பிறகு தோட்டத்து லோரிக்கு டிரைவரானவர். உயரம் குறைவு, குரல் அதிகம். விடியும் முன்னே பெரட்டுக் களத்தில் எல்லாரும் வரிசையில் நிற்க, கணக்குப் பார்க்கும் கிராணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். "பத்துமலை" என்றதும் பின் வரிசையிலிருந்து பதில் வரும்.

"ஒண்ணு வந்திருச்சுங்க. மிச்சம் ஒம்பது பின்னால வருது."

தினமும் இதே பதில்தான். தினமும் கேட்டாலும் அந்த இருட்டில், கொசுக்கடியில், வெறும் வயிற்றோடு நின்ற கூட்டம் சிரிக்கத்தான் செய்தது. கிராணி மட்டும் சிரிக்காமல் அடுத்த பெயருக்குப் போவார். அவர் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லிச் சிரிப்பதாகத் தொழிலாளர் லயத்தில் பேசிக்கொண்டார்கள்.

மழைக்காலம் தோட்டத்து ஜனங்களுக்குப் பாடு. மரம் நனைந்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் சம்பளம் இல்லை. லயத்து வாசலில் எல்லாரும் முகத்தைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பத்துமலை தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வாசலாக எட்டிப் பார்த்துச் சொல்வார்: "மழ வந்தா மரத்துக்கும் லீவு, மனுசனுக்கும் லீவு. பசிக்கு மட்டும் ஓவர்டைம்லா." யாராவது முதுகு வலி, மூட்டு வலி என்றால் அதற்கும் ஒன்று வைத்திருந்தார். "உடம்புங்கறது பழைய லோரி. சத்தம் வந்தா ஓடுதுன்னு அர்த்தம். சத்தம் நின்னாத்தான் யோசிக்கணும்."

அவர் மனைவி காளியம்மா காய்ச்சலில் படுத்துப் பத்தே நாளில் போய்விட்டாள். பிள்ளைகள் மூன்று பேருக்கும் இன்னும் கல்யாண வயசு வரவில்லை. அதற்குப் பிறகு பெரட்டில் பெயர் கூப்பிட்டால் "இருக்கேங்க" என்று மட்டும் சொன்னார். கூட்டமும் தரையைப் பார்த்தபடி நின்றுவிட்டுக் கலைந்தது. இப்படியே வாரங்கள் போயின. பிறகு ஒருநாள் கிராணி "பத்துமலை" என்றார். பின் வரிசையிலிருந்து குரல் வந்தது.

"ஒண்ணு வந்திருச்சுங்க. பின்னால எட்டுத்தான் வருது."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ஜனங்கள் இரண்டையும் செய்தார்களாம். கிராணி பேரேட்டைக் கீழே வைத்துவிட்டு மூக்கைத் துடைத்தாராம். அன்றிலிருந்து கடைசிவரை எட்டுதான். மூத்த மகள் கலாதேவி இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அந்த இடத்தில் குரல் தடுமாறும். துளசி அதைப் பலமுறை கேட்டிருக்கிறாள், இன்னும் கேட்கச் சொன்னாலும் கேட்பாள்.

தோட்டத்தை விற்றார்கள். பால் மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள், செம்பனையை வெட்டி வீடு கட்டினார்கள். மற்றவர்கள் கூடும் இடமெல்லாம் அந்தக் காலம் மாதிரி வருமா என்று பெருமூச்சு விடுவார்கள். பத்துமலைக்கு அந்தப் பேச்சே ஆகாது. "தோட்டத்துல கொசு இருந்துச்சு, அட்ட இருந்துச்சு, தொர இருந்தாரு. இங்க கொசு மட்டுந்தான் இருக்கு. முன்னேத்தம்தானேலா" என்பார். அப்படிச் சொல்லிக்கொண்டேதான் ஒரு இரும்புப் பெட்டியும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியுமாக மகன் நடேசனின் தாமான் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

நடேசன் அப்பாவுக்கு நேர் எதிர். தொழிற்சாலை ஸ்டோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் வைத்திருப்பார். சாப்பாட்டைப் பற்றி அவர் பேசுவது இரண்டே சொல்: "நல்லா இருக்கு." சோறு குழைந்தாலும் அதே. குழம்பு தீய்ந்த நாளிலும் அதே. ஒருமுறை சரளா சோதித்துப் பார்க்கவே பருப்பில் உப்புப் போடாமல் விட்டாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "நல்லா இருக்கு" என்று சொல்லிப் போனார். கல்யாணமான புதிதில் சரளாவுக்கு அது சந்தோஷமாக இருந்தது. பிறகு சுவரில் மணி அடிக்கிற கடிகாரம்போல் காதில் விழாமலே போயிற்று.

அந்த வீட்டுக்குத்தான் பத்துமலை வந்தார். வந்த சில மாதத்திலேயே ரத்த அழுத்தம் என்று கிளினிக்கில் சொல்லி, உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். சரளா சொன்னதைச் செய்கிறவள். அன்றைக்கே உப்பு ஜாடியை மேல் தட்டில் ஏற்றிவிட்டாள். கிழவருக்குத் தனிச் சமையல் வைத்தால் மனசு நோகும் என்று வீட்டுக்கே ஒரே சமையல், உப்பில்லாச் சமையல். அன்றைக்குத் தொடங்கியது பத்துமலையின் திருவிளையாடல்.

"டாக்டரு உப்பத்தான் நிறுத்தச் சொன்னாரு. சரளா அதோட ருசியையும் சேத்து நிறுத்திட்டா."

இட்லியைக் கையில் எடுத்து எடை பார்ப்பார். "இதுல ரெண்டு இருந்தா போதும். மேட்டுல லோரிய நிறுத்தி டயருக்கு அடியில வச்சா லோரி நகராது." காலைத் தேத்தண்ணியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். ஆனால் அவருக்குப் பிடித்த குறி ரசம்தான். தட்டில் ரசம் விழுந்ததும் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, ரொம்பக் கவலையோடு கேட்பார்.

"ஏம்மா சரளா, ரசமும் உப்பும் இன்னும் பேசிக்கலையா?"

துளசிக்குச் சிரிப்புத் தாங்காது. சரளாவும் முதலில் சிரித்தாள். "பேசிக்கல மாமா. நீங்க போயி சமாதானம் பண்ணி வைங்க" என்று பதிலும் சொன்னாள். ஆனால் தினமும் ஒருத்தி அடுப்பில் வெந்து இறக்கியதை, தினமும் ஒருவர் கேலி பேசினால், எத்தனை நாள் சிரிக்க முடியும். அதுவும் அவர் மகள்கள் வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் கதையே வேறு. ஆயர் தாவாரில் இருக்கும் கலாதேவி போன் போட்டுப் பெருமையாகச் சொல்வாள்: "அப்பா என் கோழிப் பெரட்டல சாப்பிட்டுட்டு, இந்த மாதிரி பொறந்ததுலேருந்து சாப்பிட்டதில்லன்னு சொன்னாரு அண்ணி." ஹுத்தான் மெலிந்தாங்கில் வாழ்க்கைப்பட்ட இளையவள் மாரியம்மாவும் அதையே சொல்வாள், கோழிக்குப் பதில் நண்டு. அவர்களுக்கெல்லாம் பாராட்டு, எனக்கு மட்டும் லோரி டயரா என்று சரளா நினைத்தாள். வாய் திறந்து சொல்லவில்லை. அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவர் போனபோது கூட அவருடைய சொல்தான் முன்னால் வந்து நின்றது. சாவு வீட்டில் நாற்காலி பத்தலன்னா செத்தவன் நல்லவன்னு அர்த்தம் என்று எந்த இழவுக்குப் போனாலும் சொல்வார். அவர் கிடந்த அன்று கூடாரத்தில் போட்ட நாற்காலி போதவில்லை. பக்கத்துத் தெரு சீனர் வீட்டிலிருந்தும், எதிர்வீட்டு மலாய்க்காரர் வீட்டிலிருந்தும் நாற்காலி வந்தது. அப்படியும் பழைய தோட்டத்து ஆட்கள் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். யாரோ அந்த வசனத்தைச் சொல்லப்போக, கூடாரம் முழுக்கச் சிரித்தது. சரளா மட்டும் சிரிக்கவில்லை. தலைமாட்டில் உட்கார்ந்து அவர் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஆக, சாமி கும்பிடு நெருங்க நெருங்க அத்தைகள் இருவரும் போனில் மோதத் தொடங்கினார்கள். அப்பாவுக்குப் பிடித்தது கோழிதான், இலையில் நடுவில் அதுதான் இருக்கணும் என்று ஒருத்தி. நண்டுதான் என்று இன்னொருத்தி. இருவருக்கும் ஆளுக்கொரு சாட்சி அப்பாவின் வாய்ச்சொல். துளசிக்குக் காது வலித்தது. அம்மாவின் பெயரை இரண்டு பேருமே எடுக்கவில்லை என்பது அதைவிட வலித்தது.

ஒரு சனிக்கிழமை காலை அவளுக்கு மீரா சாஹிப் ஞாபகம் வந்தார். பத்து காஜா பழைய பசார் பக்கம் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். அவருடைய அப்பா காலத்துக் கடை. எந்த இனத்தவரானாலும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்துமலை நடக்க முடிந்தவரை தினமும் காலையில் அங்கேதான் போய் உட்கார்ந்திருப்பார். அவருக்கு உண்மையில் பிடித்தது எதுவோ அது இந்தக் கடையில்தான் இருக்க வேண்டும் என்று துளசி கணக்குப் போட்டாள். அது தெரிந்தால் அத்தைகள் வாயையும் அடைக்கலாம், அம்மாவையும் ஒருவழியாகச் சமாதானப்படுத்தலாம். பழைய மைவி காரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

கடையில் காலைக் கூட்டம் ஓய்ந்திருந்தது. மீரா சாஹிப் கல்லாவில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"நானா, தாத்தாவுக்கு வருசம் வருது. படையல்ல வைக்கணும். அவரு இங்க திங்கற ரொட்டிய அன்னிக்கிக் காலையில வந்து எடுத்துக்கறேன்."

மீரா சாஹிப் கத்தியை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "ரொட்டியா? உங்க தாத்தாவா? அவரு எங்கம்மா ரொட்டி தின்னாரு. மொத நாளு ஒண்ணு கேட்டாரு. பாதிய தின்னுட்டு, நல்லா இருக்கு நானான்னு சொல்லிட்டு எந்திரிச்சிட்டாரு. அதுக்கப்புறம் தொட்டதே இல்ல."

"அப்ப தெனமும் என்னா சாப்பிட்டாரு?"

"தே ஓ. பாலில்லாம ஒரே ஒரு தே ஓ. அதையும் சும்மாவா குடிப்பாரு. கிளாச தூக்கிப் பாத்துட்டு, 'நானா, இது தேத்தண்ணியா, தேயில குளிச்ச தண்ணியா'ம்பாரு. கடையில இருக்கற அத்தன பேரும் திரும்பிப் பாப்பாங்க. எனக்கு மானமே போயிரும். ஆனா கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சிட்டுத்தான் போவாரு. மறுநாளும் வந்து நிப்பாரு."

துளசி சிரித்துவிட்டாள். மீரா சாஹிப்பும் சிரித்தார். பிறகு வெங்காயத்தை எடுத்து, உரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"ஒருநாளு கோவத்துல கேட்டே புட்டேன். அண்ணே, ரொட்டிய நல்லா இருக்குன்னீங்க, தொட மாட்டேங்கறீங்க. தேத்தண்ணிய திட்டறீங்க, தெனமும் குடிக்கறீங்க. என்னா கணக்கு இது? அதுக்கு அவரு சொன்னாரு, நல்லா இருக்குங்கறது விருந்தாளிப் பேச்சு நானா. மகளுங்க வீட்டுக்குப் போனா நான் விருந்தாளி. நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு சொல்லிட்டு மூணாம் நாளு பையத் தூக்கிடணும். ஆனா மருமககிட்ட ஒரு நாளு நல்லா இருக்குன்னு சொன்னேன்னு வையி, அன்னிக்கே அந்த வீட்டுலயும் நான் விருந்தாளி ஆயிடுவேன். அது என் வீடுலா. என் வீட்டு ரசத்த நான் திட்டாம வேற யாரு திட்டுவா. இப்படித்தாம்மா சொன்னாரு."

துளசிக்கு அத்தை வீட்டிலிருந்து திரும்பும் தாத்தா செருப்பைக் கழற்றும் முன்னேயே "சரளா, ரசம் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டு வருவது ஞாபகம் வந்தது. திட்டிக்கொண்டே இரண்டாம் முறை ஊற்றச் சொல்வதும், தட்டைத் துடைத்து வைப்பதும் ஞாபகம் வந்தது. எல்லாம் கண் முன்னால்தான் நடந்தது. நாள் முழுக்க அடுத்தவர் பார்வையைச் சோதிக்கிற தனக்கு இது தெரியவில்லையே என்று நினைத்தபோது, கடை என்றும் பார்க்காமல் அழுதுவிட்டாள். மீரா சாஹிப் வெங்காயத் தட்டை அவள் பக்கம் கொஞ்சம் நகர்த்தி வைத்தார், பார்க்கிறவர்கள் அதுதான் காரணம் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று.

"அன்னிக்குக் காலையில வா. தே ஓ ஒண்ணு கட்டித் தாரேன். தண்ணியாவே போடறேன்."

வீட்டுக்கு வந்ததும் நேரே சமையலறைக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நடேசன் முன்னறையில் நாளிதழை விரித்துப் பிடித்திருந்தார். சரளா குழாயை மூடிவிட்டுக் கேட்டாள். கேட்டு முடித்ததும் அவள் முகம் மலரும் என்று துளசி எதிர்பார்த்திருந்தாள். சரளாவுக்குக் கோபம்தான் வந்தது.

"இத எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்னாவாம்? நானா கடையில உக்காந்து ஊருக்கே சொல்லத் தெரியுது. இதே அடுப்பு முன்னால நின்னு நான் எத்தன நாளு அழுதிருக்கேன், அது தெரியுமா அந்த மனுசனுக்கு?"

"தெரிஞ்சிருக்காதும்மா."

"தெரியாதுல்ல. எல்லாத்தையும் வேடிக்கையாவே பேசுனா எது நெசம்னு எப்படித் தெரியும்?"

அது நியாயமான கேள்விதான். சரளா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து உப்பு ஜாடியை எடுத்தாள். அது மாமனார் போன பிறகும் இறங்காமல் அங்கேயே இருந்தது.

"கேட்டரிங் வேணாம்னு சொல்லிடு. நானே சமைக்கறேன். இந்த ஒரு தடவ உப்போட ரசம் வச்சித் தாரேன், குடிச்சிட்டு என்னா சொல்றாருன்னு பாப்போம். டாக்டரு இனிமே வந்தா கேக்கப் போறாரு?"

முன்னறையில் நாளிதழ் அசையவில்லை. துளசி எட்டிப் பார்த்தாள். அப்பா இத்தனை நேரமும் அதே பக்கத்தைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்.

சாமி கும்பிடு அன்று காலையிலேயே அத்தைகள் வந்துவிட்டார்கள், ஒருத்தி கோழியோடு, ஒருத்தி நண்டோடு. மூன்று பெண்களும் ஒரே சமையலறையில் முட்டிக்கொண்டு நின்றார்கள். படையலுக்குச் சமைப்பதை இலையில் வைக்கும்வரை யாரும் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. போனவர்தான் முதலில் சாப்பிட வேண்டும். உப்பு, உறைப்பு எல்லாம் கைக்கணக்குதான். கலாதேவி பழக்க தோஷத்தில் கோழிப் பெரட்டலைக் கொஞ்சம் உள்ளங்கையில் விட்டுக்கொண்டாள். மாரியம்மா அந்தக் கையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"அப்பாவுக்கு எச்சியயா படைக்கப் போற?"

"கை மறந்து போச்சுடி."

சரளா ரசத்தைக் கடைசியாக வைத்தாள். புளியைக் கரைத்து, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு, நுரை கூடி வரும்போது ஜாடியைத் திறந்து உப்பை அள்ளினாள். போட்டாள். ஒரு கணம் யோசித்துவிட்டு இன்னும் கொஞ்சம் போட்டாள். ருசி பார்க்க முடியாமல் கரண்டியைப் பிடித்துக்கொண்டு அவள் நின்ற நிலையைப் பார்த்தபோது, பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு நிற்கிற பிள்ளை மாதிரி இருந்தது துளசிக்கு.

முன்னறையில் பத்துமலையின் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். அடையாளக் கார்டு படத்தைப் பெரிதாக்கியது. அதை அவரே உயிரோடு இருந்தபோது பார்த்துவிட்டு, "போலீசு தேடற ஆளு மாதிரி இருக்கேன், இத மாட்டாதீங்க" என்று சொல்லியிருந்தார். வேறு நல்ல படம் கிடைக்கவில்லை. மற்ற எல்லாவற்றிலும் சிரித்துச் சிரித்து முகம் கலங்கியிருந்தது. இலையில் சோறு, கோழி, நண்டு, பயற்றங்காய்ப் பொரியல், லோரி டயர் இட்லி இரண்டு. பக்கத்தில் மூடி திறந்த ஸ்டவுட் பீர் பாட்டில், பிளாஸ்டிக் பையில் கட்டிய நானா கடை தே ஓ. ஒரு கிண்ணத்தில் ரசம். அதை ஒட்டி மோர் ஊற்றிய தம்ளர்.

சூடம் காட்டிக் கும்பிட்டதும் எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். போனவர் வந்து நிம்மதியாகச் சாப்பிட வேண்டும், யாரும் பார்க்கக் கூடாது. கார் நிறுத்துகிற இடத்தில் எல்லாரும் கூடி நின்றார்கள். சத்தம் காட்டாமல் நிற்க வேண்டிய நேரம். மாரியம்மாவால் முடியவில்லை.

"அம்மா படையலப்ப அப்பா என்னா சொன்னாரு தெரியுமா? எல்லாரும் கதவச் சாத்திட்டு வெளிய நின்னுக்கறீங்களே, உள்ள யாரு அவளுக்கு மோரு ஊத்துவான்னு கேட்டாரு. பூசாரிக்கே சிரிப்பு வந்துருச்சு."

"அதான் நான் முன்னாலயே ஊத்தி வச்சிட்டேன்" என்றாள் சரளா.

அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. பெரட்டுக் கதை வந்தது, மழைக் கதை வந்தது, பழைய லோரி வந்தது. நாத்தனார்கள் இருவரும் கோழி நண்டுச் சண்டையை மறந்து ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து சிரித்தார்கள். நடேசன்கூட வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தோள் குலுங்கினார். துளசிக்கு மனசு நிறைந்திருந்தது. தாத்தா உள்ளே சாப்பிடுகிறாரோ இல்லையோ, இங்கே வெளியே நிற்கிறார் என்று தோன்றியது.

கதவைத் தட்டிவிட்டுத் திறந்தார்கள். ஊதுபத்தி எரிந்து முடிந்திருந்தது. தே ஓ பை சாய்ந்து தரையில் கொஞ்சம் சிந்தியிருந்தது.

"திட்டிக்கிட்டே குடிச்சிருக்காரு" என்றாள் கலாதேவி.

பிறகு எல்லாரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். சரளா பரிமாறினாள், அவள் இன்னும் எதையும் வாயில் வைக்கவில்லை. கோழி நல்லா இருக்கு என்றாள் மாரியம்மா. நண்டு நல்லா இருக்கு என்றாள் கலாதேவி. ரசம் வந்தது. கலாதேவி ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லா இருக்கு அண்ணி" என்றாள். மாரியம்மாவும் தலையாட்டினாள்.

துளசி குடித்துப் பார்த்தாள். உப்பு இல்லை. இருந்தது, ஆனால் காணாது. ஏழெட்டு வருஷம் கிள்ளிப் போட்டுப் பழகிய கை, அள்ளிப் போட்டதாக நினைத்துக்கொண்டு கிள்ளித்தான் போட்டிருந்தது. இந்த ஒரு தடவையாவது என்று அம்மா வைத்த ரசம். சொல்லாவிட்டால் அம்மா கடைசியில் சாப்பிட உட்காரும்போது தானாகத் தெரிந்துகொள்வாள், யாரும் இல்லாத நேரத்தில். சொன்னால் இத்தனை பேர் முன்னால் தெரியும். எது தேவலாம் என்று அவளால் முடிவெடுக்க முடியவில்லை.

நடேசன் கிண்ணத்தைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமினார். மனைவியை நிமிர்ந்து பார்த்தார்.

"உப்புப் பத்தல" என்றார்.

மாரியம்மா அண்ணனை முறைத்தாள். நல்ல நாளும் அதுவுமாக இப்படியா பேசுவது என்று கலாதேவி முழங்கையால் இடித்தாள். சரளா கரண்டியில் இருந்த ரசத்தில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது. மாமனாரின் படத்தைத் திரும்பிப் பார்த்தாள். போலீசு தேடுகிற ஆள் மாதிரி அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இன்று என்ன கேட்டிருப்பார் என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும்.

நடேசன் கிண்ணத்தை அவள் பக்கம் நீட்டினார். "இன்னும் கொஞ்சம் ஊத்து."

சரளா அவரைப் பார்த்தாள். இந்த ஒரு வருஷத்தில் துளசி பார்க்காத சிரிப்பு ஒன்று அம்மாவின் முகத்தில் வந்தது. கண்ணீர் வழிந்துகொண்டிருந்ததை அவள் துடைக்கவே இல்லை.

"கட்டிக்கிட்டு வந்து இத்தன வருசம் கழிச்சு, இப்பத்தான் வீட்டுக்கு வந்து சேந்தீங்களா?"

கிண்ணம் நிறைய ரசத்தை ஊற்றினாள். உப்பு ஜாடியை எடுத்து வர யாரும் எழுந்து போகவில்லை.